இரண்டு மொழியிலும்

நாற்பத்தேழாம் எண் விழுந்துவிட்டது என்ற செய்தி தையல்காரிக்குத்தான் முதலில் வந்தது.

முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்ட மேடை. அவள் கையில் மைக், மடியில் பெயர்ப்பட்டியல், காதில் செல்போன். இருபது கிலோமீட்டர் தள்ளி, மலை இறக்கத்தின் வளைவில் கொடி பிடித்து நின்றவர் மூச்சிரைக்கப் பேசினார்.

"அக்கா, நாப்பத்தேழு யாருன்னு லிஸ்ட்ல பாருங்க. தலையில அடி. பேச்சு மூச்சில்ல. ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க."

நாற்பத்தேழு யார் என்று அவளுக்குத் தெரியும். அவன் மனைவி மேடைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு நாட்டுச் சைக்கிள் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் முதல் பந்தயம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பேருந்துகளில் வந்து இறங்கியிருந்தார்கள். தையல்காரிக்கும் மைக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த நாட்டில் பிறந்து இந்த நாட்டில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு மொழியும் தெரிந்தவள் என்பதால் சங்கத் தலைவர் பிடித்துப் போட்டுவிட்டார்.

தன் மொழி பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாற்பத்தேழின் மனைவி காலையிலிருந்து மேடையை விட்டு நகரவில்லை. மருந்துக்கடையில் வேலை. கணவன் பஸ் மெக்கானிக். பந்தயத்துக்காக எட்டு கிலோ இளைத்தானாம். கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுகிறது என்று புறப்படும்போது இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

செய்தியைக் கேட்ட சங்கத் தலைவரின் முகம் வெளிறிப்போனது.

"அந்தம்மாகிட்ட இப்ப வாயத் தெறக்காதீங்க. டாக்டர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு நானே வந்து சொல்றேன்" என்று ஓட்டமும் நடையுமாகப் போனார்.

போனவர் போனவர்தான்.

முதல் ஆள் வந்தான். எண்ணைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், இரண்டு மொழியிலும். கீழே நின்றவள் கைதட்டினாள். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். யார் வந்தாலும் தன் வீட்டு ஆள் வந்ததுபோல் தட்டினாள். தட்டி முடித்ததும் தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் ஆகாதே அக்கா. எங்க வந்துட்டிருக்கார்னு போன்ல கேளுங்களேன்."

"வருவார்" என்றாள் தையல்காரி.

ஆறாவதாக ஒருவன் தெருமுனையில் திரும்பினான். அவன் எண்ணை ஒரு மொழியில் சொன்னாள். இன்னொரு மொழி வாயில் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. முன்னால் வந்தவர்களில் அவன் ஒருவன்தான் உள்ளூர்க்காரன். விசில் சத்தம் காதைப் பிளந்தது.

அவன் வலது முழங்கை சிராய்த்து, மணிக்கட்டு வரை ரத்தம் வழிந்திருந்தது.

நாற்பத்தேழின் மனைவி அதற்குமேல் பொறுக்கவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து அவனிடம் போனாள். தோள்பையிலிருந்து பஞ்சை எடுத்து, கேட்காமலே அவன் கையைப் பிடித்துத் துடைத்தாள். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை. துடைத்துக்கொண்டே ஏதோ கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் மேடையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

தையல்காரி மைக்கை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"வழியில எங்க வீட்டுக்காரரப் பாத்தாரான்னு கேளுங்கக்கா. பச்சைச் சட்டை, நாப்பத்தேழு."

கேட்டாள். ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டாள்.

அவன் நிமிரவில்லை. கையில் அழுந்தியிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பாக்கலன்னு சொல்லிடு."

கொடிக்காரர் போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொல்லியிருந்தார். சங்கத் தலைவரிடம்கூடத் தையல்காரி அதைச் சொல்லவில்லை. நாற்பத்தேழு தானாக விழவில்லை. முந்தும் அவசரத்தில் பின்னால் வந்தவன் இடித்துத் தள்ளியிருக்கிறான். தானும் சுவரில் உரசி, தடுமாறிச் சமாளித்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மிதித்துப் போய்விட்டான். அவன் முதுகிலிருந்த எண்ணைச் சொல்லி, அது யாரென்றும் பட்டியலில் பார்க்கச் சொன்னார்.

அந்த எண்ணுக்கு அவள் பட்டியலைத் தொடவில்லை. பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் மொழியில் ஒரு சொல்கூடக் கற்றுக்கொள்ளாத கணவனை, காலையில் வாசலில் திரும்பி நிற்கச் சொல்லி, நான்கு ஊக்குகளால் அவன் முதுகில் அதைக் குத்திவிட்டவளே அவள்தான்.

"என்னக்கா சொல்றார்?"

"பாக்கலையாம்" என்றாள் தையல்காரி.

அந்தப் பெண் மெல்லத் தலையாட்டினாள். தெருமுனையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்துத் திறந்து புதுப் பஞ்சை நனைத்தாள்.

"இது கொஞ்சம் எரியும். பொறுத்துக்கச் சொல்லுங்க."

தையல்காரி அதையும் சொன்னாள்.