முப்பத்தேழு பற்கள்

ரொட்டி ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்தின் மூடியை ஃபிட்டர் வேலை பார்ப்பவள் கழற்றுகிறாள். ஜன்னல் வெயில் நேராகப் பெரிய பல்சக்கரத்தின் மேல் விழுகிறது. பக்கத்தில் ஃபோர்மேன், அவளுடைய அக்கா புருஷன், கைகட்டி நிற்கிறார். போன வருஷம் இரண்டு சக்கரங்கள் இங்கே பல்லை இளித்துவிட்டன. அச்சோடு சேர்த்து வார்த்ததால் மாற்ற முடியாத சின்னச் சக்கரத்துக்குப் பன்னிரண்டு பல். அதில் ஒன்று கொஞ்சம் தடிப்பு. பெரியதற்கு முப்பத்தாறு, பன்னிரண்டின் மடங்கு. அதனால் அந்தத் தடிப்பல் சுற்றுக்குச் சுற்று அதே மூன்று பற்களையே இடித்து உடைத்தது. முப்பத்தேழு பல் வைக்கலாம் என்று இவள் சொன்னபோது, "நேத்து பல்லு முளைச்சதெல்லாம் பல்சக்கரத்துக்கு யோசனை சொல்லுது" என்று சிரித்தவர், "இதுவும் உடைஞ்சா ஸ்பேனரைக் கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடணும்" என்றும் சொல்லியிருந்தார். முப்பத்தேழு பல் சக்கரத்தை மாட்டி ஆறு மாதம் ஓடிவிட்டது. அவர் கிரீஸை வழித்துவிட்டு, ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுகிறார். எல்லாம் ஒரே மாதிரி மினுங்குகின்றன. "முப்பத்தேழு பகா எண்ணு அத்தான், பன்னெண்டுக்குப் பிடி கொடுக்காது. அடி ஒருத்தன் தலையிலேயே விழாம எல்லாருக்கும் பங்கு போயிடுச்சு" என்கிறாள். அவர் விரல் நிற்கிறது; மறுபடி நகர்கிறது. "ஆமா, நான் எந்தப் பல்லுலேர்ந்து ஆரம்பிச்சேன்?" அவளுக்கும் தெரியவில்லை. இனி யாராலும் சொல்ல முடியாது. சிரிப்பை அடக்க மாட்டாமல் அத்தான் வாயைத் திறக்கிறார். அந்த அறையில் உடைந்த பல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அவருடைய முன்பல்.