துருவுக்கு மேல் ஒரு சிவப்புக் கார்

செத்துப்போன அப்பாவின் வாசனை இன்று ஒன்பதாயிரம் டாலருக்கு விலைக்கு வந்திருக்கிறது. ஒஹாயோவின் ஏப்ரல் வெயில் சிவப்பு பானெட்டில் வழுக்குகிறது. அப்பா என்றோ விற்றுவிட்ட அதே காருக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்மூடி உட்கார்ந்திருக்கிறான் ட்வெயின். அவன் மனைவி லொரெய்ன், இருவரின் சேமிப்பையும் காப்பாற்றும் ஒரே ஆளாக, டார்ச்சோடு வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கிறாள். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸில் புதிதாய்ப் பூசிய தார் மணக்கிறது.

"குளிர்காலத்துல ஷெட்ட விட்டே எடுத்ததில்ல மேடம்," என்கிறார் விற்க வந்த வெண்டல்.

"அப்போ ரோட்டுல பனி உருகப் போடற உப்பு, இரும்ப அரிக்க ஷெட்டுக்கே தேடி வந்துச்சாக்கும்?" ஸ்க்ரூடிரைவரால் தட்டுகிறாள். டங்கென்று ஒலிக்க வேண்டிய இரும்பு சொத்தென்கிறது. அழுத்தினால் பிடிவரை உள்ளே போகிறது. துரு பிஸ்கட் தூளாக முகத்தில் கொட்டுகிறது. "ட்வெயின், எறங்கித் தொல! பாதி வழியில பின்சீட்டு தனியாப் போயிடும்."

"சீட்டுல அப்பா சிகரெட் சுட்ட ஓட்டை அப்படியே இருக்கு, லொரெய்ன்."

"ஓட்டைக்கா பஞ்சம்? கீழ வந்து பாரு."

வெண்டல் இருமிக்கொண்டே ஆயிரம் குறைக்கிறார். துருவைத் துப்பியபடி எழுந்தவள், ஜன்னல் வழியே கணவனின் ஈரக் கண்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

"நாலாயிரம். தார்ப் பூச்சுக்குத் தரமாட்டேன்."

வெண்டல் தலையாட்டுவதற்குள் ட்வெயினிடம் திரும்புகிறாள்.

"காருக்கு நாலாயிரம், சேசிஸ் மாத்த ஆறாயிரம். ஆக, உங்கப்பனுக்கு நான் அழுதது பத்தாயிரம். அந்த மனுஷன் எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு காப்பி. அதுக்கும் பாதிக் காசு என்கிட்டயே கேட்டாரு."