ஒற்றைக் காது முயல்

“முயலோட இன்னொரு காது எங்கடி?” என் மனைவி மகளைப் பிடித்துக்கொண்டாள்.

மனைவியின் அண்ணன் பிரான்சிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கிரிஸ்டல் முயல் அது. கையாலேயே இழைத்தது. இப்போது ஒற்றைக் காதோடு அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

எட்டு வயது மகள் என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளில் பார்வையைப் பதித்தேன்.

“நான்தாம்மா உடைச்சேன். துண்டைக் குப்பையில போட்டுட்டேன்.”

“மாமா வந்து கேட்டா நீயே பதில் சொல்லு. ஒரு மாசத்துக்கு டிவி கிடையாது.”

“விடு, உண்மையைச் சொல்லிட்டாள்ல,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மனைவி சமையலறைக்குப் போனதும் மகள் அருகில் வந்து மூடிய கையை விரித்தாள். அந்தக் காது மின்னியது.

“துணியை மெஷின்ல போடறப்போ உங்க சட்டைப் பையில இருந்துச்சுப்பா. நல்லவேளை, அம்மா பாக்கல.”