அம்மா வந்து சேர்ந்த நேரம்

முட்டியில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம்கூட ஆகாத என் அம்மா, காட்டுக்குள் நுழைந்து, மலை விளிம்போடு ஏறி, இருபத்தெட்டு கிலோமீட்டரையும் ஒரே பகலில் நடந்து முடித்தாள். ஏற்றத்தில் கை கொடுத்தால் தட்டிவிட்டாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

பாதை முடியுமிடத்தில், நடந்து முடித்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கும் வனக்காவலர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "அப்பவே கையெழுத்துப் போட்டு, பதக்கமும் வாங்கிட்டுப் போனீங்களேம்மா?"

அம்மாவின் கையெழுத்துதான். நேரம் 3.07. தபால்காரியாக இருந்த பழக்கத்தில் ஏழுக்குக் குறுக்கே அவள் போடும் கோடும் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பது.

அம்மா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தாள்.

"அது அவ நடந்ததுக்கு. நான் நடந்ததுக்கு எனக்குக் குடுங்க."

காவலர் இன்னொரு பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

பேருந்தில் பதக்கத்தைக் குத்திக்கொள்வதற்காக, அன்று முழுக்கக் கழற்றாத மழைக்கோட்டைக் கழற்றினாள். சட்டையில் ஏற்கெனவே இதே பதக்கம் ஒன்று இருந்தது.

அதன் பக்கத்தில் இடம் பார்த்து அம்மா இதையும் குத்தினாள்.

"என்னைவிட நாப்பத்து மூணு நிமிஷம் முந்தி வந்திருக்கா, பாருடா," என்றாள். "அதுவும் இந்த முட்டியோட!"