தீராத உப்பு டப்பா

"கையும் களவுமா பிடிச்சுட்டேன் சார்! என் பைக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிக்கறான்!"

கிரேன்காரர் போட்ட சத்தத்தில் பட்டறை மொத்தமும் போர்மேன் அறை வாசலில் கூடிவிட்டது. பிடிபட்ட வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னய்யா எடுத்தே?" என்றார் போர்மேன்.

"ஒண்ணும் எடுக்கலை சார்."

"எடுக்கலையாம்! அப்ப என் சோத்துக்குக் காவலா நின்னான்? கேளுங்க சார்."

"அவரு சோறு எனக்கு எதுக்குன்னு சொல்லுங்க சார்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். ஆனாலும் பேச்சு போர்மேன் வழியாகத்தான் போகும், வரும். மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியை யார் இழுத்துப் போட்டுக்கொண்டது என்பதில் எப்போதோ தொடங்கிய சண்டை. நாற்காலி உடைந்து பழைய இரும்புக்குப் போய்விட்டது. சண்டை மட்டும் துருப்பிடிக்கவில்லை.

போர்மேன் பையை மேசைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு அடுக்கு, துண்டு, மூடியில் பொடிப் பொடி ஓட்டைகளோடு ஒரு சின்னத் தகர டப்பா.

அன்றைக்கு எல்லோருக்கும் பிரஷர் பார்க்க வந்திருந்த நர்ஸம்மா அதை எடுத்துக் குலுக்கினார்.

"உப்பா?"

கிரேன்காரர் டப்பாவை வாங்கக் கையை நீட்டினார். நர்ஸம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

ஆறு மாதமாக அந்த அம்மா படாத பாடு பட்டிருந்தார். கேன்டீன் மேசையிலிருந்த உப்புக் கிண்ணங்களை எடுக்க வைத்தார். வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, குழம்பில் உப்பை எப்படிக் குறைப்பது என்று சொல்லிக் கொடுத்தார். கிரேன்காரருக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை.

"அடுத்த தடவையும் பிரஷர் இப்படியே இருந்தா, நீங்க கிரேன்ல ஏற முடியாது. மேலே தலை சுத்திச்சுன்னா என்ன ஆகும்? வீட்டுலதான் உக்காரணும்."

அவர் இறங்கினால் கிரேன் கூண்டில் ஏறப்போவது வெல்டர். கிரேன் ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். அந்த வேலைக்குச் சம்பளமும் அதிகம்.

"இப்பப் புரியுதா சார்? இந்த டப்பாவை எடுத்து நர்ஸம்மாகிட்ட காட்டிக்கொடுத்து, என்னை இறக்கிட்டு இவன் ஏறிக்கலாம்னு பாத்திருக்கான்!"

"சீ, இப்படியும் ஒரு மனுஷனா?" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். வெல்டர் காதில் விழுந்திருக்கும்.

"முதல்ல உக்காருங்க" என்றார் நர்ஸம்மா. "தண்ணியைக் குடிங்க. கோபம் ஆறட்டும்."

சிறிது நேரம் கழித்துக் கிரேன்காரர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார். பார்த்தார். நம்பாமல் மறுபடியும் காற்றடித்தார்.

"நல்லா இருக்கே! நீங்க தாராளமா ஏறலாம்."

வாசலில் விசில் பறந்தது. கிரேன்காரர் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா! வீட்டுக்காரி குழம்புல குறைச்சா. கேன்டீன்ல நீங்க பிடுங்கினீங்க. நான் மட்டும் ஒரு நாளும் விடலையே! மூடியைத் திருப்பி மூணு தடவை தட்டிக்கிட்டுத்தான் சாப்பாட்டுல கையே வைப்பேன். உப்பால ஒண்ணும் ஆகாதும்மா. வேற வேலை இருந்தா போய்ப் பாருங்க."

"நிஜமாவா சொல்றீங்க?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? அதுவும் நம்ம கை ராசி, இப்பல்லாம் டப்பா தீரவே மாட்டேங்குது. கையை நீட்டுங்க, காட்டறேன்."

நர்ஸம்மா உள்ளங்கையை நீட்டினார். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டு.

ஏதோ நாலைந்து பொடி விழுந்தது.

கிரேன்காரர் டப்பாவை ஓங்கிக் குலுக்கினார். அதே கதைதான். நர்ஸம்மா அதை வாங்கி மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டே இரண்டு ஓட்டை வழியாகத்தான் வெளிச்சம் தெரிந்தது. மற்றதெல்லாம் உள்பக்கமாக ஈயம் வைத்து அடைத்திருந்தது. சில பற்று கறுத்துப் பழையதாகிவிட்டது. சிலது புதுசு, இன்னும் மினுமினுத்தது.

அவ்வளவு பொடிசாக ஈயம் வைக்கிற கை பட்டறையில் ஒன்றுதான். எல்லோரும் வெல்டர் பக்கம் திரும்பினார்கள்.

"நீயா?" என்றார் போர்மேன்.

"ஒரேயடியா அடைச்சா அவரு நாக்கு கண்டுபிடிச்சிடும் சார். அதான் வாரத்துக்கு ஒண்ணா அடைச்சுக்கிட்டு வந்தேன். இன்னிக்கு இன்னொண்ணை அடைச்சுட்டு நிறுத்திக்கலாம்னு இருந்தேன். மாட்டிக்கிட்டேன்."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிரேன்காரர் மூடியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைத்தியக்காரா!" என்றார் போர்மேன். "அவர் இறங்கியிருந்தா அந்தக் கூண்டு உனக்குத்தானேய்யா?"

வெல்டர் தலையைச் சொறிந்தார்.

"எனக்குத்தான் சார். ஆனா இந்த ஆளு வீட்டுக்குப் போயிட்டா, அப்புறம் நான் யாரோட பேசாம இருக்கறது?"