பதினோரு ஆண் மரங்கள்

மூன்றாவது நாளாகச் சரிவிலிருந்து கோடரிச் சத்தம் கேட்டது.

ஹலிஜா அடுப்பில் வதங்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

முதல் நாள், 'வெட்டினால் வெட்டட்டும், எனக்கென்ன' என்று காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் நாள், சத்தம் கேட்காமல் இருக்க, இடிக்க ஒன்றுமே இல்லாத உரலில் உலக்கை போட்டாள். இன்று முடியவில்லை. ஒரு நாளைக்கு நாலு மரம் என்றால்கூட இந்நேரம் எட்டு சாய்ந்திருக்கும்.

மலை நெருப்பைக் கக்கி அந்தச் சரிவு கருகிப்போன பிறகு, ஊர் கூடி அதில் மரம் நட்டது. மேலே நிழலுக்குக் கெனாரி மரம். அதன் பருப்பு வாய்க்கு. அடியில் ஜாதிக்காய். ஓரத்தில் பட்டையும் ஈரப்பலாவும்.

ஊர் வைத்த விதி ஒன்றுதான். எட்டு வருடம் ஆகியும் எதற்கும் உதவாத மரத்தை வெட்டி இடம் விட வேண்டும். யாராவது வந்து, 'அது எனக்கு வேண்டும்' என்று வாய்விட்டுச் சொன்னால் மட்டும் நிற்கலாம். மரத்துக்காரன் போய் யாரையும் கேட்கக் கூடாது.

ஜாதிமரத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பூக்கும்வரை எது எதுவென்று யாருக்கும் தெரியாது. பூ ஒற்றையாக வந்தால் பெண், கொத்தாக வந்தால் ஆண். காய்ப்பது பெண்தான், ஆனால் பக்கத்தில் ஓர் ஆணாவது பூத்தால்தான் பிஞ்சு நிற்கும்.

சரிவில் ஹலிஜாவின் பங்குக்கு அடுத்த பங்குக்காரன் லா ஜூமு இருபது நட்டான். ஒன்பதை ஆடு தின்றது. மிஞ்சிய பதினொன்றும் இந்த மழைக்குத்தான் பூத்தன. பதினொன்றும் கொத்துக்கொத்தாக.

ஊரே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ஹலிஜாதான்.

"என்ன ஜூமு, மாப்பிள்ள வீட்டுக்காரங்க மட்டும் திமுதிமுன்னு வந்து எறங்கியிருக்காங்க? பொண்ணு எங்கப்பா?"

பெண்கள் அவளிடம்தான் இருந்தார்கள். முப்பது மரங்கள். இரண்டு வருடமாகப் பூக்கின்றன, உதிர்கின்றன, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. அவளுக்கும் மூன்று ஆண் மரங்கள் இருந்தன. ஒன்றையாவது விட்டுவை என்று எல்லோரும் சொன்னார்கள். தண்டச்சோறுகள் என்று மூன்றையும் வெட்டிப் போட்டாள். பேராசை பெருநஷ்டம் என்று அவளே பிறருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

விதி அவளுக்கும் அதேதான். வருகிற மழைக்குள் காய் பிடிக்காவிட்டால் முப்பதும் போகும்.

ஜூமுவின் ஆண் மரங்களைப் போய்க் கேட்டுவிடலாம். ஆனால் அவள் வாயை அடைத்துக்கொண்டு இன்னொன்று இருந்தது.

உருண்டை விதை பெண்ணாகும், நீள விதை ஆணாகும் என்று தீவில் ஒரு பேச்சு உண்டு. பாதிப் பேர் நம்புவார்கள், பாதிப் பேர் சிரிப்பார்கள். எட்டு வருடத்துக்கு முன் ஹலிஜா முறத்தைப் போட்டு உட்கார்ந்து, உருண்டையை எல்லாம் தனக்குப் பொறுக்கிக்கொண்டாள். நீளமானதை எல்லாம், நல்ல வித்து என்று சொல்லி ஜூமுவுக்குக் கொடுத்தாள். அவன் சந்தோஷப்பட்டு ஒரு பெரிய சூரை மீனைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்த மீனின் முள் எட்டு வருடமாக அவள் தொண்டையில்தான் இருக்கிறது.

கெனாரி நன்றாகத் தழைத்துவிட்டதால் கீழிருந்து எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஹலிஜா வேரைப் பிடித்து ஏறினாள். ஜூமுவின் முதுகு தெரிந்தது. கோடரி மேலே போனது.

"நிறுத்து ஜூமு! அது எனக்கு வேணும்!"

கோடரி அந்தரத்தில் நின்றது. அவன் திரும்பவில்லை.

"எது?"

"எல்லாம். மிச்சம் இருக்கிற அத்தனையும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆரம்பித்தாயிற்று, இனி என்ன மானம் என்று மீதியையும் கொட்டினாள். "நீளமாப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தது நான்தான். வேணும்னேதான் குடுத்தேன். என்மேல உள்ள கோவத்த மரத்துமேல காட்டாத."

"எனக்குக் கண்ணு இல்லையா? நீளமா இருந்தத அன்னிக்கே பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு மீனு குடுத்த?"

"நட்டா எல்லாம் மரந்தானே." அவன் திரும்பினான். முகம் முழுக்கச் சிரிப்பு.

அப்போதுதான் ஹலிஜா சுற்றிலும் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி எண்ணினாள். பதினொன்றும் நின்றன. ஒன்றின் பட்டையிலும் ஒரு கீறல் இல்லை. மஞ்சள் கொத்துகளில் சின்னப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

ஜூமுவின் காலடியில், மலை கக்கிய அன்று எரிந்து விழுந்த பழைய அடிமரம் ஒன்று கிடந்தது. பாதியாகியிருந்தது. சுற்றிலும் சிராய்கள். அடியில் கிடந்தவை வெயிலில் வெளுத்திருந்தன, மேலே இருந்தவை இன்று தெறித்தவை.

மரத்துக்காரன் போய்க் கேட்கக் கூடாது என்றுதான் விதி. கோடரிச் சத்தத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவன் கோடரியைச் சாய்த்துவிட்டு, கல்லின் மறைவிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தான். இரண்டு கோப்பைகளிலும் டீயை ஊற்றினான்.

"மூணு நாளா ரெண்டு கோப்பை தூக்கிட்டு வர்றேன்," என்றான். "முந்தாநேத்தும் நேத்தும் ரெண்டையும் நானே குடிச்சேன், தாயே."