படங்குக்குள் நின்றது

“அப்ப இந்தக் கதிரையள், அக்கா?”

“எங்கடதான்.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பிழை என்று உறைத்தது.

உதவிப் பணத்துக்கு விவரம் பதிய வந்திருந்த பெண் மடியிலிருந்த டெப்பின் திரையில் விரலை வைத்தாள். கண்ணாடிக்குள் ஒரு சின்னக் கட்டம் பச்சையானது.

இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒழுங்கை முனையிலுள்ள மாதர் சங்கக் கட்டடத்தில் கேட்டு வாங்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகித் தலையில் சுமந்து வந்தவை. வீட்டுக்கு ஓர் உத்தியோகத்தர் வருகிறார். பாயிலா இருத்துவது?

அரசாங்கத்தின் பழைய உதவிப் பணம் இந்த மாதத்தோடு நிற்கிறது.

அதற்கு யாரும் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. கிராம சேவகர் சைக்கிளில் போகிற போக்கில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். புருசன் விட்டுப்போய் ஏழு வருடம், ஒரு பெண்பிள்ளை என்று அவருக்குத் தெரியும். பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார்.

புதிய உதவிக்கு ஊரில் ஒருவருடைய அறிமுகமும் தேவையில்லை. உள்ள பொருள்களையெல்லாம் டெப் கேட்கும். பொருள் கூடினால் உதவி இல்லை. உதவி இல்லையென்றால் மகளின் கொப்பியும் சப்பாத்தும், மாரிகாலத்து அரிசியும் இல்லை.

“பிரிட்ஜ்?”

“இல்லை.”

“டீவி?”

“இல்லை.”

“வோசிங் மெசின்?”

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

வந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த கைப்பையை இழுத்தாள். கதிரையின் முதுகில் போட்டிருந்த துவாயும் சேர்ந்து வந்தது.

கதிரை முதுகில் சிவப்புப் பெயின்ற். பெரிய எழுத்து.

மாதர் சங்கம். 14.

“அக்கா, நீங்கள்தானோ சங்கம்?”

அவளுக்கு முகம் சுட்டது. “நீங்கள் வாறீங்கள் எண்டு…”

வந்தவள் துவாயை எடுத்து முன்போலவே போட்டாள். பச்சைக் கட்டத்தை மறுபடி தொட்டாள். அது வெள்ளையானது. அந்தக் கண்ணாடிக்குள் யாரோ ஒரு வீட்டைக் கட்டிக் கட்டிக் கலைத்துக்கொண்டிருப்பதைப் போலிருந்தது.

பிறகு வந்தவளின் கண் பின் கதவால் வெளியே போனது.

முருங்கையின் கீழ், வெயிலில் வெளுத்த ஒரு தார்ப்பாய்ப் படங்கு எதையோ போர்த்திக்கொண்டு நின்றது. காற்று அதன் ஒரு மூலையைத் தூக்கியது.

ஒரு சில்லு. கொஞ்சம் நீலம்.

நான்கு வருடம் இடியப்பம் அவித்து வாங்கிய ஸ்கூட்டி. முதலில் நடந்துபோய்க் கடைகளுக்குக் கொடுத்தாள். பிறகு இரவல் சைக்கிளில். பிறகு இதில். ஓடப் பழகிய கிழமை இரண்டு தரம் வேலிக்குள் போய் விழுந்தாள். முழு ஒழுங்கையும் நின்று சிரித்தது. இப்போது அதே ஆட்கள் வழியில் கையை நீட்டி மறிக்கிறார்கள். “பிள்ளை, சந்தியில ஒருக்கா இறக்கிவிடு.”

இன்று காலை படங்கை இழுத்து மூடியபோது மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆராவது கேட்டால் மாமாவின்ர எண்டு சொல்லு.”

“எந்த மாமா?”

அவள் குனிந்து கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

மகள் உள்ளே போய், ஆணியில் தொங்கிய தன் சின்ன ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். குனிந்து, தானே அதைப் படங்குக்குள் ஒளித்தாள். பிறகு புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“அது ஆரோ கொண்டுவந்து விட்டதுதானே, அக்கா?” வந்தவள் மெதுவாகக் கேட்டாள். “இந்தக் கதிரையள் மாதிரி.”

கேட்கும்போதே அவளுடைய விரல் வாகனத்துக்குரிய வெள்ளைக் கட்டத்துக்குப் போய்விட்டது. தொடவில்லை. காத்திருந்தது.

நல்ல பெண்.

ஓம் என்றால் போதும். ஒரு சொல்.

அவள் எழும்பினாள். பின் கதவைக் கடந்து முற்றத்துக்குப் போனாள். வந்தவளும் டெப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

கயிறு இறுகியிருந்தது. காலையில் அவள்தான் அப்படிக் கட்டினாள். நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். படங்கு சரிந்து விழுந்தது.

முருங்கை இலைகளுக்குள்ளால் இறங்கிய வெளிச்சம் நீலத்தின்மேல் நின்று ஆடியது. பின் இருக்கையில் கட்டிய இடியப்பப் பெட்டி. கால் வைக்கும் இடத்தில் சின்ன ஹெல்மெட், முகம் குப்புற.

“என்ர,” என்றாள். “எழுதுங்கோ.”

“அக்கா, இதைப் போட்டால்…”

“தெரியும்.”

வந்தவள் அவளைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். பச்சை.

பிறகு டெப்பை முகத்துக்கு நேரே உயர்த்தினாள். பொருளுக்குப் படமும் வேண்டுமாம்.

அவள் இருக்கையில் ஒட்டியிருந்த காய்ந்த மாவை உள்ளங்கையால் துடைத்தாள். ஹெல்மெட்டை எடுத்து, தூசு தட்டி, கைப்பிடியில் கொழுவினாள். கலைந்த மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். வண்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, அக்கா. வண்டி மட்டும் படத்தில விழுந்தால் போதும்.”

அவள் அசையவில்லை.

“தங்கச்சி, என்னையும் சேர்த்து எடுங்கோ.”